இருநூற்றுப் பன்னிரண்டாம் மெமோ

படகு தீவின் துறையை ஒட்டி நின்றபோது காலை மணி ஒன்பது. பிற்பகல் மூன்று மணிக்கு அது திரும்பிவிடும். துப்பறிவாளருக்கு இருந்த அவகாசம் அந்த ஆறு மணி நேரம்தான்.

அவருடைய உதவியாளர், அதாவது அவருடைய அக்கா மகள், இரண்டு மணி நேரப் பயணத்தில் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்து நான்கு. மாமா வைத்த பட்டப்பெயர் வாயாடி. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோயிருந்தது. துறைக் கல்லில் கால் ஊன்றியதும் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“இன்னைக்குச் சாப்பிட்டதும் போச்சு, நேத்துச் சாப்பிட்டதும் போச்சு மாமா. இனிமே வந்தா போன வாரத்துதான் வரணும்.”

படகை ஓட்டி வந்தவள் சிரிக்கவில்லை. கயிற்றை இரும்புத் தூணில் சுற்றிக் கட்டிவிட்டுப் படகிலேயே உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு வாரத்துக்கு முன்பு இதே கடலில், இதே வழியில், அவள் கணவன் படகோடு போய்விட்டான். மூன்றாம் நாள் பலகைகள் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. இரண்டே வாரத்தில் அவள் வேறொரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தீவுக்குச் சாமானும் தபாலும் கொண்டுபோகும் அவன் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்ன சொந்தக்காரர்கள் யாரோடும் அவள் இப்போது பேசுவதில்லை.

வழக்கைத் துப்பறிவாளரிடம் கொண்டுவந்தவளும் அவள்தான். விஷயம் சிறியது. தீவில் ஒரு வானிலை நிலையம். தினமும் விடிகாலை ஐந்தரைக்கு அங்கே காற்றின் வேகத்தை அளந்து, துறைமுகத்துக்கு வானொலியில் சொல்வார்கள். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் படகு கிளம்பக் கூடாது. அன்றைக்குத் தீவு சொன்னது பதினேழு. அவள் கணவன் கயிற்றை அவிழ்த்தான். படகில் வானொலி கிடையாது. பிறகு யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்டிருக்காது.

ஆனால் நிலையத்துப் பதிவேட்டில், அந்த நாளின் ஐந்தரை மணிக் கட்டத்தில் எழுதியிருந்தது எழுபத்தேழு.

காற்றைத் தானாகவே வரைந்துவைக்கும் கருவி அதற்கு இரண்டு மாதம் முன்பே கெட்டு, உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்தது. காற்றுமானியின் முள்ளைக் கண்ணால் பார்த்து எழுதியவர் அங்கே வேலை பார்க்கும் அப்சர்வர் அம்மாள். விசாரணைக் குழு வந்தது, பார்த்தது, முடிவு கட்டியது. அந்த அம்மாள் கவனக்குறைவாகப் பதினேழு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். படகு போன செய்தி வந்ததும் ஒன்றின் தலையில் ஒரு கோடு இழுத்து அதை ஏழாக்கியிருக்கிறார். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் அனுப்பினார்கள். ஆறு வாரமாக அவர் போடவில்லை. இன்றைய படகில் அவர் கையெழுத்து போக வேண்டும். இல்லையென்றால் அவர் மறுத்துவிட்டார் என்ற அறிக்கை போகும், அதோடு வேலையும் போகும்.

துப்பறிவாளரைப் பார்க்க வந்த அன்று படகுக்காரி சுற்றி வளைத்துப் பேசவில்லை.

“எல்லாரும் அந்தம்மாதான்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா தப்புப் பண்ணினவங்க இவ்வளவு நாள் முரண்டு பிடிப்பாங்களா? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

துறையிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டிலேயே முதல் காகிதம் அவர்களை வரவேற்றது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆணி அடித்திருந்தார்கள். மெமோ எண் 187. படிகளில் துப்பக் கூடாது. கீழே தேதி, நேரம், கையொப்பம். கைப்பிடிச் சுவரில் இன்னொன்று. தண்ணீர்த் தொட்டியில் இன்னொன்று. வெள்ளையடித்த மூன்று கட்டடங்கள், கால் முளைத்த புறாக்கூண்டு மாதிரி ஒரு வெப்பமானிப் பெட்டி, மழைமானி, காற்றை அளக்கக் கிண்ணங்கள் சுழலும் உயரமான கம்பம், வானிலைப் பலூன் கொட்டகை. இவ்வளவுதான் நிலையம். எங்கே திரும்பினாலும் மெமோ. முகம் கழுவப் போன வாயாடி திரும்பி வந்து, கக்கூஸுக்குள்ளும் ஒன்று இருப்பதாகச் சொன்னாள்.

“அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்காரக் கூடாதாம் மாமா. அதைப் படிச்சு முடிக்கவே நாலு நிமிஷம் ஆகுது.”

அத்தனையையும் எழுதியவர் நிலைய அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, படிய வாரிய தலை, பேச்சில் அப்படியொரு மரியாதை. தீவுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறதாம். நிலையத்தில் மொத்தம் நான்கு பேர். மெக்கானிக் சம்பவத்துக்கு முன்பே விடுப்பில் போய்விட்டதால் அன்றைக்கு இருந்தது மூன்று பேர்: அவர், அப்சர்வர் அம்மாள், சமையற்காரர். சமையற்காரர் ஆறு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார். எனவே ஐந்தரை மணிக் காற்றைப் பற்றிச் சொல்ல இரண்டே வாய்கள்.

அதிகாரியின் வாய் தடுமாறாமல் சொன்னது. ஐந்து இருபத்தைந்துக்குத் தம் குடியிருப்பிலிருந்து வானொலி அறைக்கு நடந்து வந்தாராம். கடல் தட்டு மாதிரி கிடந்ததாம். ஒரு புல் அசையவில்லையாம். அந்த அம்மாள் துண்டுச் சீட்டில் பதினேழு என்று எழுதிக் கொடுத்தாராம். இவர் அதை அப்படியே ஐந்து நாற்பதுக்குத் துறைமுகத்துக்குச் சொன்னாராம். ஆறு மணிக்கு மேல்தான் பேய்க்காற்று திடீரென்று எழும்பியதாம். அந்தச் சீட்டு எங்கே என்று துப்பறிவாளர் கேட்டார். மாதக் கடைசியில் சீட்டுகளை எரித்துவிட வேண்டும் என்பது மெமோ எண் 41.

செய்தி சொல்வது வழக்கமாக அப்சர்வரின் வேலைதானே என்று கேட்டதற்கு, பலூன் கொட்டகைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க அவரை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். காற்றே இல்லாத காலையில் கதவைப் பற்றி அவருக்கு ஏன் அவ்வளவு கவலை என்று துப்பறிவாளர் கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் அந்த எழுபத்தேழைப் பார்த்தார்கள். குழு அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தனக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்திருந்தது. துப்பறிவாளருக்கு மையில் நம்பிக்கை கிடையாது. அவர் மெமோக்களைப் புகழ ஆரம்பித்தார். இவ்வளவு ஒழுங்காக ஒரு அலுவலகத்தை எங்கும் பார்த்ததில்லை என்றார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு மெமோவுக்கும் கார்பன் நகல் உண்டு என்று சொல்லி, நகல் புத்தகத்தையே எடுத்து நீட்டினார். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று.

துப்பறிவாளர் பக்கங்களைப் புரட்டினார். 211, சம்பவத்துக்கு முந்தின நாள். அடுத்த தாள் 213, சம்பவ நாள், காலை 6.40. இரண்டுக்கும் நடுவே, தைத்த இடத்தில், கிழித்த தாளின் ஓரம் மட்டும் பல்லிளித்தது.

“இருநூத்திப் பன்னெண்டு எங்கே சார்?”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அது அப்சர்வர் அம்மாளுக்குக் கொடுத்தது என்றார். அன்று விடிகாலை அவர் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கியதைக் கண்டித்து எழுதினாராம். கார்பன் சரியாக விழாததால் நகலைக் கிழித்துவிட்டாராம். அந்த அம்மாளின் பிழைப்பில் மண் விழ வேண்டாமே என்று குழுவிடம் இதைச் சொல்லாமல் விட்டாராம். 

வெளியே வந்ததும் வாயாடி, இனிமேல் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்டாள். தூங்கி எழுந்த கண்ணுக்கு எழுபத்தேழு பதினேழாகத் தெரிந்திருக்கும். துப்பறிவாளர் கம்பத்தை நோக்கி நடந்தார்.

அப்சர்வர் அம்மாள் கம்பத்தின் உச்சியில், ஏணியில் நின்றபடி, சுழலும் கிண்ணங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகி, மேலே ஒரு மழைக்கோட்டு. இன்றோடு வேலை போகப்போகிற ஆள் மாதிரி தெரியவில்லை. கீழே வந்திருப்பது யார் என்று தெரிந்தும் இறங்கவில்லை. கேட்கிறதை அங்கிருந்தே கேளுங்கள் என்றார்.

கேட்டார். அந்த அம்மாள் படித்தது எழுபத்தேழு. எழுதியதும் எழுபத்தேழு. அதிகாரி சீட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகச் சொன்னார். கதவு பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆடியது. அதைக் கயிறு போட்டுக் கட்டவே அரை மணி நேரம் ஆனது. பதினொரு வருஷத்தில் ஒரு ரீடிங்கைக்கூட உட்கார்ந்த இடத்தில் எழுதியதில்லை.

“தூங்கினதுக்கு உங்களுக்கு மெமோ கொடுத்ததாச் சொல்றாரே.”

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார்.

“எனக்கு வந்த மெமோ நாப்பதுக்கு மேல இருக்கும். எல்லாத்தையும் கிழிச்சு இங்கேருந்து பறக்க விட்டேன். திசை பார்த்துத்தான் விடுவேன், திரும்பி வந்துடக் கூடாதில்லையா. அன்னைக்கு எனக்கு எதுவும் வரலை.”

“அதுக்கு ஏதாவது அத்தாட்சி?”

“என்கிட்ட ஒரு அத்தாட்சியும் கிடையாது. பதினேழுன்னு நான் கையெழுத்துப் போட்டா அந்த மனுஷனைக் கொன்னது நான்னு ஆயிடும். போடலைன்னா வேலை போகும். போகட்டும். நான் பார்த்தது எழுபத்தேழு. சாகிற வரைக்கும் எழுபத்தேழுதான்.”

சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணெய்க் குவளையைச் சாய்த்தார்.

வாயாடி துறைக்குப் போய்ப் படகுக்காரிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்தாள். தூக்கம், மெமோ, கிழிந்த தாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியும் விட்டாள். படகுக்காரி சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டாளாம். அப்படியானால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வரச் சொல்லுங்கள், இந்தத் தீவைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாளாம். வாயாடிக்கு இப்போது தன் வாய் மேலேயே கோபம்.

துப்பறிவாளர் சாப்பாட்டு மேஜையில் நகல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். காணாமல் போன 212-ஐ விட்டுவிட்டு அடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அதை அவள் பக்கம் திருப்பினார்.

மெமோ எண் 213. பெறுநர்: சமையற்காரர். காலை 6.40. தேநீர் பத்து நிமிடம் தாமதம். காரணம் என்ன? மெமோ எண் 212-க்கான விளக்கத்தையும் இதற்கான விளக்கத்தையும் ஒரே தாளில் எழுதித் தரலாம். தாள் மிச்சமாகும்.

வாயாடி இரண்டு முறை படித்தாள். அப்சர்வர் தூங்கினதற்குச் சமையற்காரர் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

“தாலாட்டுப் பாடினது அவராத்தான் இருக்கணும்” என்றாள்.

“இருநூத்திப் பன்னெண்டு போனதே சமையற்காரருக்குத்தான். அதைக் கிழிச்சவர் இதைப் படிக்க மறந்துட்டார். தாளை மிச்சம் பிடிக்கப் போயி மாட்டிக்கிட்டார்.”

சமையற்காரர் அறுபதை நெருங்கும் பெரிய உருவம். ஒரு கோணிப்பை உருளைக்கிழங்கோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்தார். மெமோ என்ற சொல்லைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். தமக்கு எண்பது, தொண்ணூறு வந்திருக்கும் என்றார். படித்தீர்களா என்று கேட்டதற்கு, ரத்த அழுத்தம் இருப்பதால் டாக்டர் அதையெல்லாம் படிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

ஒரு மாதத்துக்கு முன்பு, மெமோ எண் 219-இல், பழைய மெமோக்கள் எல்லாவற்றையும் அலுவலகத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். கையில் அகப்பட்ட பத்துப் பன்னிரண்டைக் கொடுத்தாராம். மிச்சத்தை எப்படிக் கொடுப்பது? அலமாரித் தட்டுகளில் மாவுப் பசை போட்டு ஒட்டியிருந்தார். முட்டைகளுக்கு அடியில் விரித்திருந்தார். ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். அதிகாரி ஒரு நாள் தாமே வந்து தட்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுப் போனாராம்.

அதைக் கேட்டதும் துப்பறிவாளரின் கண் சிறுத்தது. தேடினவருக்கும் கிடைத்திருக்கவில்லை போலும். கிடைத்திருந்தால் கடைசித் தட்டு வரைக்கும் பார்த்திருக்க மாட்டார். அது எங்கோ இருக்கிறது, அல்லது எரிந்துவிட்டது.

ஒரு மணி நேரம் தேடினார்கள். வாயாடி சேலைத் தலைப்பை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கினாள். 38, 112, 160, 160-க்கு நினைவூட்டல், அந்த நினைவூட்டலுக்கு நினைவூட்டல். உப்பு ஜாடிக்கு அடியில், உப்பு அதிகம் என்று ஒன்று. புளி டப்பாவுக்கு அடியில், உப்பு குறைவு என்று ஒன்று. 212 மட்டும் இல்லை. மணி இரண்டு ஆகிவிட்டது. கைகளெல்லாம் மாவும் பிசுக்குமாக அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சமையற்காரர் அடுப்பைப் பார்த்தார். எரித்திருக்கலாம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கு அது தொண்ணூறில் ஒன்று. எங்கே வைத்தோம் என்று யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

துப்பறிவாளர் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

“மெமோவை விடுங்க. அன்னைக்கு நீங்க எழுந்ததுலேருந்து என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க.”

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். ஆறு, ஆறேகாலுக்கு எழுந்தார். அதற்கு முன்பே சத்தத்தில் தூக்கம் கலைந்துவிட்டிருந்தது. கதவுக்கு அடியில் ஒரு காகிதம் செருகியிருந்தது. எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். காற்று உள்ளேயே வீசியது. அடுப்பு பற்றவே இல்லை. வைக்க வைக்க அணைந்தது. அந்த மூலை ஜன்னலில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி. அது கப்பல் சங்கு மாதிரி ஊளையிட்டது. தேநீருக்குத் தாமதமானதே அதனால்தான்.

“அப்புறம் எப்படி அடுப்புப் பத்துச்சு?”

“கையில இருந்த காகிதத்தை மடிச்சு...”

அவர் முடிக்கவில்லை. மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

வாயாடிதான் முதலில் எழுந்தாள். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில், புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து, மரத்தோடு மரமாக ஒரு மடிப்பு. தட்டு தட்டாகப் பார்த்தவரின் கண்ணுக்குத் தப்பியது ஆச்சரியமில்லை. அவள் கத்தி முனையால் அதை மெல்ல நெம்பினாள். அது வெளியே வந்ததும், ஆறு வாரமாக வாயடைத்துக் கிடந்த ஜன்னல் மறுபடியும் சீழ்க்கை அடித்தது. மடிப்பின் வெளிப்பக்கம் கறுத்திருந்தது. உள்ளே எழுத்து புதுசு போல இருந்தது.

துப்பறிவாளர் படித்தார்.  பிறகு வாயாடியைத் துறைக்கு அனுப்பினார். சமையற்காரரைக் கம்பத்தடிக்கு அனுப்பினார்.

மணி இரண்டேகால். அதிகாரியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். அப்சர்வர் அம்மாள் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படகுக்காரி எதிர்ச் சுவரோரம் நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மேஜையில் அந்த ஒப்புதல் காகிதம், பக்கத்தில் மூடி திறந்த பேனா. துப்பறிவாளர் அதிகாரியிடம், அன்று காலை நடந்து வந்ததை இந்தப் படகுக்கார அம்மாவும் கேட்கட்டும், ஒரு முறை சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னார். ஐந்து இருபத்தைந்து. தட்டு மாதிரி கடல். ஒரு புல் அசையவில்லை.

“படிம்மா” என்றார் துப்பறிவாளர்.

வாயாடி படித்தாள். இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

“மெமோ எண் 212. பெறுநர்: சமையற்காரர். காலை 5.50. இன்று காலை 5.25 மணிக்கு நான் வானொலி அறைக்கு வரும் வழியில், தாங்கள் கொடியில் கிளிப் போடாமல் உலர்த்தியிருந்த எனது வெள்ளைச் சட்டை கடும் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்து கடலில் விழுந்ததை நேரில் கண்டேன். நானே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. இச்சட்டை இன்றைய பயணத்துக்கென்று வைத்திருந்தது. இவ்வளவு பலத்த காற்று வீசும் இடத்தில் பணிபுரியும் ஒருவர் கிளிப்பின் அவசியத்தை உணராதது வியப்பளிக்கிறது. எழுத்துமூலம் விளக்கம் தரவும்.”

 அதிகாரி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் கையெழுத்து இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. தீவு முழுக்க அதே கையெழுத்து ஆணி அடித்துக் கிடந்தது.

“என்ன பயணம் சார்?” என்று துப்பறிவாளர் மெதுவாகக் கேட்டார்.

அவர் உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், பிறகு கேட்காததையும் சொன்னார். நான்கு வருஷம் எழுதி எழுதி ஒரு மாற்றல் உத்தரவு வாங்கியிருந்தார். மறுநாளுக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். முதல் நாளே பெட்டியைக் கட்டிவிட்டார். விடிந்தால் எழுபத்தேழு. அதைச் சொன்னால் படகு வராது. காற்று ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தார். படகுக்காரன் இருபது வருஷ அனுபவசாலி, சமாளித்துவிடுவான் என்று நினைத்தார். சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வேறொரு எண்ணைச் சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கம்போல உட்கார்ந்து, சட்டைக்காக மெமோ எழுதினார்.

படகுக்காரி சுவரை விட்டு நகர்ந்து மேஜைக்கு எதிரே வந்தாள். அடித்துவிடப் போகிறாளோ என்று வாயாடி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

“உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாரா அவரு?”

அதிகாரி ஆம் என்று தலையை ஆட்டினார்.

“காத்து எப்படின்னு கேட்டாரு. நீங்க சொன்னீங்க. அவரு நம்பினாரு.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “இதை நீங்க எழுதணும். உங்க கையால, நீங்களே எழுதணும். நான் கொண்டு போய்க் குடுப்பேன்.”

மேஜை மேல் கிடந்த ஒப்புதல் காகிதத்தை அப்சர்வர் அம்மாள் எடுத்தார். வெற்றுப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, அவர் முன்னால் வைத்தார். அதிகாரி பேனாவை எடுத்தார். பழக்கத்தில் மெமோ எண் 232 என்று எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, கீழே முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். வாயாடி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்சர்வர் அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். படகுக்காரி அவர் பின்னாலேயே போனாள். வெப்பமானிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவரை மறித்து நின்று, இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள். நான்கு கடிதங்கள், உறை பிரிக்காமல்.

“உங்க பொண்ணு எழுதினது. தபால் மூட்டையிலேருந்து நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன். நான் தவிக்கிற மாதிரி நீங்களும் தவிக்கணும்னு நினைச்சேன். கடல்ல வீசிடலாம்னு ஒவ்வொரு தடவையும் எடுப்பேன். கை வரலை.”

அப்சர்வர் அம்மாள் கடிதங்களை வாங்கினார். ஒவ்வொன்றாகத் தேதி முத்திரையைப் பார்த்தார்.  ஆறு வாரமாக மகள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அவர் நினைத்திருந்தது, படகுக்காரிக்கு அந்த முகத்தில் அப்போதுதான் தெரிந்தது.

“இதுக்கு உங்களை நான் நிறையத் திட்டணும்” என்றார். “இப்ப நேரமில்லை. ரெண்டரை ரீடிங் இருக்கு.”

கடிதங்களை மழைக்கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டு கம்பத்தடிக்குப் போனார். முள்ளின் முன்னால் நின்றார். மூன்று நிமிடம் அப்படியே நின்றார். எழுதினார். மறுபடி ஒரு முறை முள்ளைப் பார்த்தார். பிறகு வானொலி அறைக்குள் போய்த் தாமே துறைமுகத்தைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னார். ஆறு வாரத்தில் முதல் முறையாக, கடைசியில் தம் பதவியையும் சேர்த்துச் சொன்னார்.

அதிகாரி எழுதி முடித்த ஒப்புதலைப் படகுக்காரியிடம் கொடுப்பதற்காக மடித்து எடுத்துக்கொண்டு துப்பறிவாளர் வெளியே வந்தபோது, படகுக்காரி துறைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குள் காவல் நிலையத்தில் இருக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வெயில் நன்றாக அடித்தது. அவர் கண்ணுக்குக் கடல் காலையில் பார்த்தது போலவேதான் இருந்தது.

மேலேயிருந்து அப்சர்வர் அம்மாள் கூப்பிட்டார்.

“நாப்பத்தெட்டு. ஏறிட்டிருக்கு. படகு எடுக்காதீங்க.”

படகுக்காரி திரும்பிக் கடலைப் பார்த்தாள். தூணில் சுற்றியிருந்த கயிற்றின் முனை அவள் கையில் இருந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. படகுக்குள் குதித்து இன்னொரு கயிற்றை எடுத்து வந்து, பின்பக்கத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு, மதியம் மூடி வைத்த சோற்றைத் திறந்து, துறைக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.